வண்டை இனங்காணுதல் ஒரு பொதுப்பணி



ஊர்ப் பெரியவர்களே, ஆசிரியப் பெருமக்களே, ஷிப்ட் முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, மாணவச் செல்வங்களே! இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கும், ஆண்டுதோறும் ஓர் அறிவியல் சொற்பொழிவுக்கு இடம் தந்துவரும் பொறுப்பாளர்களுக்கும் என் நன்றி.

என்னை அழைத்தவர்கள் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். "உங்கள் துறையைப் பற்றிப் பேசுங்கள், அதனால் மண்ணூருக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்" என்றார்கள். நியாயமான வேண்டுகோள். என் துறை வண்டுகளின் வகைப்பாட்டியல். அறிவியல் இதுவரை பதிவு செய்யாத ஒரு வண்டு கையில் கிடைத்தால், அதை உறுப்பு உறுப்பாக விவரிக்க வேண்டும், அதற்குரிய குடும்பத்திலும் பேரினத்திலும் சேர்க்க வேண்டும், பெயரிட வேண்டும், பிறகு எவரும் எடுத்துச் சரிபார்க்கும்படி மாதிரியைப் பொது இடத்தில் வைக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதை வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஏரியையும் வயலையும் சாலையோர மரத்தையும், ஏன், ஆலையிலிருந்து கிளம்பும் ஏற்றுமதிச் சரக்கையும்கூடக் காக்கிற பொதுப்பணி இது என்பதுதான் இன்று நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

பெயர் பெற்றவையும் பெறாதவையும்

தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு, தென்னையையும் பேரீச்சையையும் உள்ளிருந்தே அழிக்கும் சிவப்புக் கூன்வண்டு, அரிசியில் விழும் வண்டு, அசுவினியைத் தின்னும் பொறிவண்டு, சாணத்தை மண்ணுக்குள் கொண்டுசேர்க்கும் சாண வண்டு, தீப்பெட்டியில் போட்டுச் சிறுவர்கள் வளர்த்த பொன்வண்டு, இருட்டில் மின்னும் மின்மினி ஆகிய எல்லாமே ஒரே வரிசையைச் சேர்ந்தவை. முன்னிறக்கை இரண்டும் கெட்டியான உறையாக மாறி, பறக்கும் பின்னிறக்கைகளையும் வயிற்றையும் மூடிக் காப்பதுதான் இவற்றை இணைக்கும் அடையாளம்.

உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட வண்டுச் சிற்றினங்கள் ஏறத்தாழ 4 லட்சம். பெயர் பெற்ற விலங்குச் சிற்றினங்களில் நான்கில் ஒன்று வண்டு என்று பொருள். பெயர் பெறாதவை எத்தனை? 1982இல் டெர்ரி எர்வின் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு கணக்குப் போட்டார். பனாமா காட்டில் ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சியில் பூச்சிமருந்துப் புகை போட்டு, கீழே விழுந்த வண்டுகளைப் பிரித்துப் பார்த்தார். அதிலிருந்து, வெப்பமண்டலக் காடுகளில் மட்டும் 3 கோடிக் கணுக்காலிச் சிற்றினங்கள் இருக்கலாம் என்றார். அது மிகையான மதிப்பீடு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். நைஜல் ஸ்டார்க்கும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகிலுள்ள வண்டுச் சிற்றினங்கள் சுமார் 15 லட்சம். இந்தக் குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், நாம் பெயர் சொல்லி அழைக்கக் கூடியவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மீதியில் ஒரு பகுதி ஏற்கெனவே பிடிபட்டு, அருங்காட்சியகப் பெட்டிகளில் காத்திருக்கிறது. ஒரு புதிய உயிரினம் சேகரிக்கப்பட்ட நாளுக்கும் அது விவரிக்கப்படும் நாளுக்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கழிகின்றன என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. டார்வின் 1832இல் அர்ஜென்டினாவின் பஹியா பிளாங்காவில் பிடித்த ஒரு குறுஞ்சிறகு வண்டு 2014இல்தான் டார்வினிலஸ் செடாரிசி என்று பெயர் பெற்றது. பிடித்தவர் டார்வின் என்றாலும் 182 ஆண்டுக் காத்திருப்பு. பிடிப்பதற்கு ஆள் கிடைத்துவிடுவார்கள். உட்கார்ந்து விவரிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஒரு வண்டு பெயர் பெறும் விதம்

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

இரவில் வெள்ளைத் துணியைக் கட்டி அதன்முன் பாதரச ஆவி விளக்கை எரியவிட்டால் பறக்கும் வண்டுகள் வந்து உட்காரும். தரையில் ஓடுபவற்றுக்கு, ஒரு பிளாஸ்டிக் டம்ளரை விளிம்பு மண்மட்டத்தில் இருக்கும்படி புதைத்தால் போதும். சருகுக்குள் வாழும் மில்லிமீட்டர் அளவு வண்டுகளுக்கு வேறு வழி: சருகைச் சலித்துப் புனலில் இட்டு, மேலே பல்பைத் தொங்கவிட வேண்டும், சூட்டுக்கு அஞ்சிக் கீழே இறங்கி வருபவை சாராயக் குப்பியில் விழும்.

பெரிய வண்டை வலது இறக்கையுறையில் ஊசி குத்தி நிறுத்துவோம். உலகெங்கும் வண்டுக்கு வலப்பக்கம்தான். இடப்பக்கம் சேதமில்லாமல் அளவெடுக்கக் கிடைக்கும். ஊசி தாங்காத சிறு வண்டை முக்கோண அட்டையின் நுனியில் ஒரு துளிப் பசையால் ஒட்டுவோம். பிறகு லேபிள். எந்த ஊர், எந்த அட்சரேகை தீர்க்கரேகை, எந்த நாள், எந்த முறையில், யார் பிடித்தது என்பதை நகக்கண் அகலத் தாளில் அச்சிட்டு அதே ஊசியில் கோப்போம். லேபிள் இல்லாத வண்டு பட்டா இல்லாத மனை. கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன்மேல் எதையும் கட்ட முடியாது.

அடுத்து நுண்ணோக்கி. உணர்கொம்பில் எத்தனை கணு, கடைசிக் கணுக்கள் விசிறியாக விரிகின்றனவா குமிழாகத் திரள்கின்றனவா, இறக்கையுறையில் ஓடும் பள்ளக் கோடுகள் எத்தனை, கோடுகளுக்கு இடையே குழிப்புள்ளிகள் நெருக்கமா விலகலா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போக வேண்டும். வெளித்தோற்றம் பல நேரம் ஏமாற்றும். சாண வண்டுகளில் நன்றாகத் தின்று வளர்ந்த ஆணுக்குத் தலையில் நீண்ட கொம்பு இருக்கும். அதே சிற்றினத்தின் சிறிய ஆணுக்குக் கொம்பு வெறும் மேடாக நின்றுவிடும். இவ்விரண்டையும் வெவ்வேறு சிற்றினங்களாக எழுதிவைத்து, பிறகு திருத்தியதுண்டு. இதற்கு நேர்மாறாக, வெளியே அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வண்டுகள் உண்மையில் இரண்டு சிற்றினங்களாக இருப்பதும் உண்டு.

அதனால்தான் வயிற்றைத் திறந்து பார்க்கிறோம். காய்ந்த வண்டை வெந்நீரில் ஊறவைத்து இளக்கி, வயிற்றின் நுனியிலிருந்து ஆண் உறுப்பை மெல்ல வெளியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டால் தசை கரைந்து, கெட்டியான பழுப்புநிறக் குழல் மட்டும் மிஞ்சும். அதன் வளைவும் நுனியின் வடிவமும் ஒரு சிற்றினத்துக்குள் பெரிதாக மாறுவதில்லை. பக்கத்துச் சிற்றினத்தோடு ஒப்பிட்டால் தெளிவாக வேறுபடும். பார்த்து வரைந்தபின் அதைக் கிளிசரின் குப்பியில் இட்டு, அந்த வண்டின் ஊசியிலேயே குத்திவைப்போம். 2003இல் பால் ஹெபர்ட் பரிந்துரைத்த பிறகு, 658 எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டைப் படித்து ஒப்பிடும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. இரண்டு சாட்சியும் ஒத்துப்போனால் மனம் நிம்மதியாகும். முரண்பட்டால், இன்னும் நிறைய மாதிரிகள் வேண்டும் என்று பொருள்.

அதன்பிறகு இருப்பதிலேயே கடினமான பகுதி: இது ஏற்கெனவே பெயர் பெற்றதா என்று தேடுவது. விலங்குகளின் பெயரீடு 1758இல் வெளிவந்த லின்னேயஸின் நூலிலிருந்து கணக்கில் கொள்ளப்படுகிறது. அன்று முதல் லத்தீனிலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதப்பட்டவை எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை. புதியதுதான் என்று உறுதியானால், ஒரே ஒரு மாதிரியை மூல மாதிரியாகத் தேர்ந்து, சிவப்பு லேபிள் இட்டு, எந்த நிறுவனத்தில் வைத்திருக்கிறோம் என்பதையும் அறிவித்து வெளியிட வேண்டும். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒரு வண்டே கடைசித் தீர்ப்பு.

குட்டநாட்டு வாய்க்காலில் ஒரு பாடம்

"இவ்வளவு நுணுக்கம் எதற்கு? வண்டு என்றால் வண்டுதானே?" என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது சால்வினியா கதை.

சால்வினியா நீரில் மிதக்கும் பெரணி. தென்கிழக்குப் பிரேசிலைச் சேர்ந்தது. 1939இல் தாவரவியல் ஆய்வுக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி இலங்கையின் குளங்களிலும் வயல்களிலும் பரவியது. கேரளத்தில் காயலையும் வாய்க்காலையும் மூடியது. குட்டநாட்டில் படகு நகர வழியின்றி, நெல்வயலில் இறங்க வழியின்றி மக்கள் தவித்தார்கள். 'ஆப்பிரிக்கன் பாயல்' என்று இன்றும் அங்கே சொல்வார்கள்.

இதைத் தின்னும் பூச்சியைத் தேடி 1960களின் தொடக்கத்தில் அறிஞர்கள் தென் அமெரிக்காவுக்குப் போனார்கள். அப்போது இந்தப் பெரணியைச் சால்வினியா ஆரிகுலேட்டா என்று நினைத்திருந்ததால், அந்தப் பெயருள்ள செடி இருக்கும் இடங்களில் தேடினார்கள். ஒரு கூன்வண்டும் ஓர் அந்துப்பூச்சியும் ஒரு வெட்டுக்கிளியும் கிடைத்தன. பல நாடுகளில் விட்டுப் பார்த்தார்கள். 1970களில் கேரளத்திலும் அந்த வெட்டுக்கிளியை விட்டார்கள். சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. காரணம், தேடியது வேறு செடியின் எதிரியை. ஆப்பிரிக்காவின் கரிபா ஏரியில் இந்தப் பெரணியை ஆராய்ந்த மிட்செல், இது தனிச் சிற்றினம் என்று காட்டி 1972இல் சால்வினியா மொலெஸ்டா என்று பெயரிட்டார்.

பெயர் திருந்தியதும் தேடல் திசை மாறியது. 1978இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் பிரேசிலின் தென்கிழக்கில் அதன் சொந்த ஊரைக் கண்டுபிடித்தார்கள். அங்கே இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கருத்த கூன்வண்டு அதைத் தின்றுகொண்டிருந்தது. பழைய கூன்வண்டான சிர்டோபேகஸ் சிங்குலாரிஸ்தான் இது என்று முதலில் எண்ணினார்கள். 1980இல் குயின்ஸ்லாந்தின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில், சுமார் 18,000 டன் எடையுள்ள பெரணிப் படலம் அழிந்து நீர் தெரிந்தது. ஒரே வண்டு ஓரிடத்தில் தோற்று இன்னோரிடத்தில் எப்படி வென்றது? மாதிரிகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஒப்பிட்ட கால்டரும் சாண்ட்ஸும் 1985இல் விடை சொன்னார்கள். இரண்டும் வெவ்வேறு சிற்றினங்கள். வென்றது அதுவரை பெயரில்லாத வண்டு. அதற்குச் சிர்டோபேகஸ் சால்வினியே என்று பெயரிட்டார்கள். அதன் புழு பெரணியின் தண்டுக்குள் புகுந்து குடைகிறது. வளர்ந்த வண்டு மொட்டைக் கடிக்கிறது. அதனால் செடி மீள்வதில்லை.

இதே வண்டு 1980களில் ஆஸ்திரேலியாவிலிருந்து பெங்களூருக்கு வந்து, சோதனைகளுக்குப் பிறகு கேரளத்திலும் விடப்பட்டது. இலங்கையிலும் விடப்பட்டது. களைக்கொல்லியும் கூலி ஆளும் சாதிக்காததை இந்தச் சின்ன உயிர் சாதித்தது. இரண்டு தவறான பெயர்கள், ஒன்று செடிக்கு, ஒன்று வண்டுக்கு. அவற்றைத் திருத்தியவர்கள் ஒரு தாவர அறிஞரும் இரண்டு பூச்சி அறிஞர்களும். குட்டநாட்டு விவசாயிக்கு அவர்கள் பெயர் தெரியாது. ஆனால் அவர் வாய்க்காலில் படகு ஓடுகிறது.

நம் ஏரிகளில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்வதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். அதைத் தின்பதற்காக இந்தியாவில் விடப்பட்ட நியோகெட்டினா கூன்வண்டுகளில் ஒன்று 1970இல் வார்னர் என்னும் பெண் அறிஞர் விவரித்தது. நீரின் தன்மை, மழை, கழிவு இவற்றைப் பொறுத்து அதன் பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆனால் எந்த வண்டை எந்த ஏரியில் விடுவது என்ற பேச்சைத் தொடங்கவே, முதலில் யாரோ ஒருவர் அதைச் சரியாக விவரித்திருக்க வேண்டும்.

டெட்ராய்ட்டின் மரப்பெட்டிகள்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம்–வடகால், ஒரகடம் அடங்கிய இந்த வட்டாரத்தையும் சேர்த்துச் சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பெருமையாகச் சொல்கிறோம். அசல் டெட்ராய்ட்டில் ஒரு வண்டு என்ன செய்தது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2002ஆம் ஆண்டு டெட்ராய்ட் வட்டாரத்தில் சாலையோர ஆஷ் மரங்கள் கொத்துக்கொத்தாகப் பட்டுப்போயின. பட்டையை உரித்தால் உள்ளே வளைந்து வளைந்து ஓடும் புழுத்தடம். வெளியே வந்தது மினுமினுக்கும் பச்சை வண்டு ஒன்று. அது அக்ரிலஸ் பேரினம் என்பது வரை அமெரிக்க வல்லுநர்களால் சொல்ல முடிந்தது. ஆனால் அந்தப் பேரினத்தில் ஆயிரக்கணக்கான சிற்றினங்கள் உண்டு. மாதிரிகள் கடல் கடந்து ஸ்லோவாகியாவில் இருந்த எட்வார்ட் யெண்டெக் என்பவரிடம் போயின. அவர் பார்த்துச் சொன்னார்: இது அக்ரிலஸ் பிளானிபென்னிஸ். சீனாவில் அர்மான் டேவிட் பாதிரியார் சேகரித்ததைக் கொண்டு 1888இல் ஃபேர்மேர் என்னும் பிரெஞ்சுக்காரர் விவரித்த வண்டு.

பெயர் தெரிந்த பிறகுதான் அதன் தாயகம், உணவு மரம், இயற்கை எதிரிகள் எல்லாம் தெரிந்தன. அந்த எதிரிக் குளவிகளைச் சீனாவில் தேடிப் பிடித்துக் கொண்டுவர முடிந்தது. ஆனால் காலம் கடந்திருந்தது. மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில், கண்டுபிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு முன்பே அது அங்கே குடியேறியிருந்தது தெரியவந்தது. சரக்கோடு வந்த மரப்பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் ஒளிந்து வந்திருக்க வேண்டும் என்பதே அறிஞர்களின் முடிவு. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் அழிந்தன. 1996இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட ஆசிய நீள்கொம்பு வண்டும் இதே வழியாகத்தான் வந்தது.

இந்த அவையில் கிடங்கிலும் டெஸ்பாட்ச் பிரிவிலும் வேலை செய்கிறவர்கள் பலர் இருப்பீர்கள். ஏற்றுமதி பேலட்டின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரையும், நாட்டைக் குறிக்கும் 'ஐஎன்' எழுத்துகளும், அருகே 'எச்டி' என்ற எழுத்துகளும் சுட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. முத்திரை இல்லாவிட்டால் கன்டெய்னர் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம். 2002இல் உலக நாடுகள் சேர்ந்து ஏற்ற இந்த விதி, மரம் துளைக்கும் வண்டுகளுக்காகவே பெரிதும் எழுதப்பட்டது. வகைப்பாட்டியல் என்றோ ஒருநாள் உங்கள் ஆலைக்கு வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை; ஏற்கெனவே உங்கள் கைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வெளியே போகிற சரக்கைப் போலவே உள்ளே வருகிற சரக்கும் இருக்கிறது. காப்பிக் கொட்டையைத் துளைக்கும் வண்டு 1990இல் நீலகிரியின் கூடலூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, இன்று தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்குத் தீராத தலைவலி. வந்த வண்டு எது என்று சொல்வதும் எளிதல்ல. தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை 1868இல் இலங்கையிலிருந்து ஐக்ஹாஃப் என்பவர் விவரித்தார். ஒரே சிற்றினம் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட அது நான்கு சிற்றினங்களின் கூட்டு என்பது அண்மையில்தான் தெளிவானது. தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட மூல மாதிரி மீண்டும் கிடைத்து, 2019இல் அதை மற்றவற்றோடு ஒப்பிட்ட பிறகே எந்தப் பெயர் எந்த வண்டுக்கு உரியது என்ற குழப்பம் தீர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழமையான அந்த ஒற்றை வண்டு இல்லையென்றால், இந்த நான்கில் கலிபோர்னியாவின் மரங்களைத் துளைப்பது எது, தேயிலையைத் துளைப்பது எது என்று இன்றும் வாதாடிக்கொண்டிருப்போம்.

தரங்கம்பாடி முதல் காரைக்கால் வரை

இந்தத் துறை தமிழ்மண்ணுக்குப் புதிதன்று. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவரும் அங்கிருந்த பாதிரியார் ஜான், டேனிஷ் படை அதிகாரி டால்டார்ஃப் ஆகியோரும் சேகரித்த பூச்சிகள் கப்பலேறி ஐரோப்பா போயின. லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபாப்ரிசியஸ் அவற்றையும் கொண்டு நூற்றுக்கணக்கான பூச்சிகளை விவரித்தார். பூச்சி வகைப்பாட்டின் அடித்தள நூல்கள் சிலவற்றில் தரங்கம்பாடியின் பெயர் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது. நாம் பார்க்கும் பொன்வண்டுகளில் ஒன்றான ஸ்டெர்னோசெரா கிரைசிஸ், கருப்பு உடலில் ஆறு வெள்ளைப் பொட்டுள்ள தரைவண்டான ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா இரண்டுக்கும் 1775இல் பெயர் வைத்தவர் அவர்தான்.

இருபதாம் நூற்றாண்டில் அதே கடற்கரையின் காரைக்காலுக்கு அருகே குரும்பகரத்தில் பி. சூசைநாதன் என்னும் தமிழர் இருந்தார். பூச்சி சேகரிப்பதையே தொழிலாகக் கொண்டவர். குரும்பகரம், கோயம்புத்தூர், ஆனைமலை சின்கோனா, நீலகிரி என்று லேபிள் ஒட்டிய அவருடைய மாதிரிகள் ஒட்டாவா, நியூயார்க், வாஷிங்டன் அருங்காட்சியகங்களில் ஏராளம். உலகப் பூச்சியியல் நூல்களில் 'நாதனி' என்று முடியும் பெயர்கள் பல அவரைக் குறிப்பவை. அவர் பெயரைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடம் எதிலாவது சேர்த்தால் நான் மகிழ்வேன்.

ஆனால் இந்தப் பெருமையின் மறுபக்கம் வலிக்கிறது. நம் மண்ணின் ஒரு சாண வண்டைச் சரியாக இனங்காண வேண்டுமானால், லண்டனிலோ கோபன்ஹேகனிலோ பாரிசிலோ இருக்கும் மூல மாதிரியை இன்றும் தேடிப் போக வேண்டியிருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் இந்த நிலையை இனி தொடரவிடாமல் ஒரு விதி செய்தது: இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்படும் எந்த உயிரினமானாலும், அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். அந்தச் சட்டத்தை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் சென்னையில்தான். லயோலா கல்லூரியில் இருந்துகொண்டே இலைப்பேன்களின் வகைப்பாட்டில் உலகப் பெயர் பெற்ற டி. என். அனந்தகிருஷ்ணன், பிறகு அந்த ஆய்வகத்துக்கே இயக்குநரானார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தனிப் பூச்சி அருங்காட்சியகம் 2018இல் திறக்கப்பட்டது. சட்டம், நிறுவனம், முன்னோடிகள் மூன்றும் நம்மிடம் உண்டு. ஆளும் பணியிடமும்தான் குறைவு. ஆயுள் முழுவதும் ஒரு வண்டுக் குடும்பத்தைப் படித்த ஆசிரியர் ஓய்வுபெறும்போது அவர் இடத்துக்கு அதே துறை அறிந்தவர் வருவது அரிதாகிவிட்டது.

மண்ணூர் என்ன செய்யலாம்

ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் அறிவியல் உலகுக்கு முதலில் தெரியவந்தது தொழிற்சாலைகளால் அல்ல. இங்குள்ள பாறைப் படிவுகளில் கிடைத்த தொல்தாவரப் படிமங்களை ஃபைஸ்ட்மான்டல் என்னும் அறிஞர் 1879இல் விவரித்தார். 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய இலைகள் அவை. பூமிக்கடியில் இருப்பதற்கு இந்த வட்டாரம் பெயர் பெற்றிருக்கிறது. மேலே ஊர்ந்துகொண்டிருப்பதற்கு இன்னும் முறையான பட்டியல் வேண்டும்.

ஏரிக்கரை, ஆயக்கட்டு வயல், பனைவரிசை, மேய்ச்சல் புறம்போக்கு, முள்புதர் என்று ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வண்டுகள். கடந்த கால் நூற்றாண்டில் இந்த நிலத்தின் பெரும்பகுதி தார்ச்சாலையாகவும் ஷெட்டாகவும் மாறியது. வேலை வந்தது, கூலி வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். அந்த வளர்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். மாறுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை என்பதே என் ஆதங்கம். இனி மாறப்போகும் இடங்களிலாவது எழுதிவைப்போம். அதற்கு நான்கு கோரிக்கைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது ஊராட்சிக்கு. உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் உயிரியல் பன்முகத்தன்மை மேலாண்மைக் குழுவும் மக்கள் பதிவேடும் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் மரம், மீன், பறவை எழுதுவதோடு நிறுத்தாமல் பூச்சிகளுக்கும் பக்கங்கள் ஒதுக்குங்கள். ஏரிக்கரையில் தாத்தா பாட்டிகள் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் வண்டுகளிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டாவது ஆலைகளுக்கு. இரவெல்லாம் எரியும் விளக்குக் கம்பங்களின் அடியில், காலை ஷிப்டுக்கு முன் துடைப்பத்தால் கூட்டித் தள்ளும் பூச்சிக் குவியல் ஒரு பெரிய ஆவணம். மழைக்காலத்தில் வாரம் ஒரு நாள் அதைச் சாராயத்தில் இட்டு, இடமும் நாளும் எழுதி, அருகிலுள்ள கல்லூரிக்குக் கொடுக்கலாம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு சிறு பங்கை நுண்ணோக்கிக்கும், ஓர் இளம் ஆய்வாளரின் உதவித்தொகைக்கும் ஒதுக்கலாம். தேவையில்லாத விளக்குகளை நள்ளிரவுக்குப் பின் அணைத்தால் பூச்சிகளுக்கும் நல்லது, மின்கட்டணத்துக்கும் நல்லது.

மூன்றாவது கிடங்குத் தோழர்களுக்கு. வெளிநாட்டிலிருந்து வந்த மரப்பெட்டியில் புதிய துளையோ, மெல்லிய மரத்தூளோ, உயிருள்ள வண்டோ தென்பட்டால், மிதித்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு குப்பியில் அடைத்து, எந்தச் சரக்கோடு வந்தது, எந்த நாள் என்று எழுதி, மேலாளர் வழியாகத் தாவரத் தொற்றுத் தடுப்பு அதிகாரிகளுக்குத் தெரியப்படுத்துங்கள். டெட்ராய்ட்டில் அந்தப் பச்சை வண்டை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே யாராவது இப்படிச் செய்திருந்தால் எத்தனையோ மரங்கள் பிழைத்திருக்கும்.

நான்காவது மாணவர்களுக்கு. விலங்கியலோ வேளாண்மையோ படிக்கிறவர்கள் ஒரே ஒரு வண்டுக் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள். சேகரிக்கும்முன் அனுமதி கேளுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியைக்கூட எடுக்கக்கூடாது. தேவைக்கு மேல் பிடிக்காதீர்கள். லேபிள் எழுதாமல் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். பத்து ஆண்டு பொறுமையாக உழைத்தால், அந்தக் குடும்பத்தில் உங்களைக் கேட்காமல் இந்தியாவில் யாரும் முடிவு சொல்ல முடியாது என்ற நிலைக்கு வருவீர்கள். இவ்வளவு சீக்கிரம் நாட்டுக்கு இன்றியமையாதவராக ஆவதற்கு வழிவிடும் துறைகள் அதிகம் இல்லை.

ஃபேர்மேர் 1888இல் எழுதியது 114 ஆண்டு கழித்து இன்னொரு கண்டத்தில் பயன்பட்டது. கால்டரும் சாண்ட்ஸும் எழுதியது குட்டநாட்டு விவசாயிக்குப் பயன்பட்டது. மண்ணூர் ஏரிக்கரையில் நீங்கள் பிடித்து, விவரித்து, காப்பகத்தில் வைக்கும் ஒரு வண்டு யாருக்கு, எப்போது பயன்படும் என்று இப்போதே கணக்குச் சொல்ல முடியாது. பயன்படும் நாள் வரும்போது அது அங்கே இருக்க வேண்டும். அதற்கான முதல் பெட்டியை இந்த ஆண்டே தொடங்குங்கள் என்று அவையோரை வேண்டி, என் உரையை நிறைவு செய்கிறேன்.